புதைபடிவ டயாட்டங்களும் பழங்கடற்கரைச் சூழலும்: நியாவியாக்கம் ஆற்றுச் சான்றை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

கடலோரச் சதுப்பு ஒன்றில் இரண்டு மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு மண்ணை உருளையாக எடுத்தால், கண்ணுக்குத் தெரிவது நிறமும் பதமும்தான். மேலே சாம்பல் நிறக் களி, நடுவே விரற்கடை மணல், அதன் கீழே வேர்நார் பின்னிய கருமண். அந்தக் கருமண் நன்னீரில் படிந்ததா உவர்நீரில் படிந்ததா, ஓதம் நாள்தோறும் ஏறிய இடமா ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் தொட்ட மேடா என்பதை நிறம் சொல்லாது. கையில் பிசைந்து பார்த்தாலும் தெரியாது. நீர் வற்றிப்போனபின் அதன் உப்பும் மண்ணில் அப்படியே தங்குவதில்லை. மேலிருந்து இறங்கும் மழைநீர் கழுவிவிடும்.

அந்த உப்பில் வாழ்ந்த நுண்பாசிகளின் ஓடுகள் மட்டும் தங்கிவிடுகின்றன. அவற்றுள் தலையாயவை டயாட்டங்கள். கடலோரத்தின் பழைய நிலையை இவற்றைக் கொண்டு எப்படி மீட்டறிகிறார்கள், அந்த முடிவுகள் எவ்வளவு உறுதியானவை, எங்கே வழுக்குகின்றன என்ற மூன்று கேள்விகளை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், வில்லப்பா விரிகுடாவில் கலக்கும் நியாவியாக்கம் என்ற சிற்றாற்றின் கரையில் கிடைத்த சான்று இதற்கு மையமாக அமைகிறது. ஓட்டின் பெயரைக் கண்டுபிடிப்பது இத்துறையில் பாதி வேலைதான். அந்த ஓடு அங்கேயே வாழ்ந்ததா, வேறிடத்திலிருந்து வந்து சேர்ந்ததா என்று பிரித்தறிவதே மறுபாதி. முடிவின் வலிமை இந்த மறுபாதியில்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. டயாட்டத்தின் இயல்பு

2.1 ஓடு

டயாட்டம் ஓர் ஒற்றைச் செல் பாசி. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை நீளம் உள்ளவை. நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை எடுத்துத் தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்ளும். ஓடு இரண்டு பாதிகளால் ஆனது. சற்றுப் பெரிய பாதி சிறிய பாதியின்மேல் குங்குமச் சிமிழின் மூடிபோலக் கவிந்திருக்கும். உயிர் போனதும் சிமிழ் திறந்து இரண்டு பாதிகளும் தனித்தனியே படிவில் சேர்கின்றன. ஆய்வாளர் எண்ணுவது இந்தப் பாதிகளைத்தான்.

வட்ட வடிவின, நீள்வடிவின என இருபெரும் பிரிவுகள் உண்டு. நீள்வடிவினவற்றில் பலவற்றுக்கு ஓட்டின் நடுவே நீளவாக்கில் ஒரு கீறல் இருக்கும். அதன் உதவியால் அவை சேற்றின்மேல் ஊர்ந்து செல்லும். ஓட்டில் உள்ள துளைகளின் வரிசை, கோடுகளின் நெருக்கம், நடுப்பகுதியின் வடிவம் ஆகியவற்றைக் கொண்டு இனம் பிரிக்கிறார்கள். பத்து மைக்ரோமீட்டரில் எத்தனை கோடுகள் என்று எண்ணித்தான் சில இனங்களை உறுதிசெய்ய முடியும்.

2.2 ஏன் டயாட்டம்?

சுண்ணாம்பு ஓடுள்ள நுண்பாசிகளும் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் திறந்த கடலுக்குரியவை. அமிலத்தன்மை கொண்ட சதுப்பு மண்ணில் கரைந்தும் போகும். டயாட்டமோ கடல், கழிமுகம், ஆறு, குளம், ஈரப் பாறை, தோட்டத்து மண் என ஒளியும் ஈரமும் உள்ள எல்லா இடங்களிலும் வாழ்கிறது. ஒவ்வோர் இனத்துக்கும் விருப்பமான உப்பளவு, அடித்தளம், ஈரநிலை உண்டு. சில நாள்களிலேயே தலைமுறை மாறுவதால், சூழல் மாறினால் கூட்டமும் உடனே மாறுகிறது. ஒரு சிட்டிகை மண்ணில் பல்லாயிரம் ஓடுகள் கிடைப்பதால் எண்ணிக்கைக்கும் பஞ்சமில்லை.

3. உப்பும் வாழிடமும்: இரண்டு அளவுகோல்கள்

3.1 உப்பளவு

ஜெர்மனியின் ஸ்பெரன்பெர்க் உப்புநிலத்தில் வாழ்ந்த டயாட்டங்களை ஆராய்ந்த கோல்பே, உப்பைத் தாங்கும் அளவை வைத்து அவற்றை வகைப்படுத்தும் முறையை 1927இல் வெளியிட்டார். ஃபிரீட்ரிக் ஹுஸ்டெட் வேசர் ஆற்று டயாட்டங்களைக் கொண்டு 1957இல் அதைச் செப்பனிட்டார். பொதுவாகப் பின்பற்றப்படும் எல்லைகள் இவை: லிட்டருக்கு 30 கிராமுக்கு மேல் உப்பை நாடுபவை கடலினங்கள்; 0.2 முதல் 30 கிராம் வரை உள்ள நீரில் வாழ்பவை உவர்நீரினங்கள்; அதற்கும் குறைவானவை நன்னீரினங்கள். நன்னீரினங்களுள்ளும் சிறிது உப்பை விரும்புபவை, பொருட்படுத்தாதவை என்ற உட்பிரிவு உண்டு. உப்பை அறவே தாங்காதவை தனி வகை.

பராலியா சல்கேட்டா என்ற வட்ட டயாட்டம் கடலினத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. தடித்த ஓடு கொண்டது. சங்கிலியாகக் கோத்து நிற்கும். யூனோஷியா பேரினத்தைச் சேர்ந்த பலவும் இதற்கு நேர்மாறாக, அமிலத்தன்மையுள்ள நன்னீர்ச் சதுப்புகளை நாடுபவை. ஒரே துண்டு மண்ணில் இரண்டும் கலந்து கிடந்தால், அங்கே ஏதோ ஒன்று ஊரார் இல்லை என்ற ஐயம் எழ வேண்டும்.

3.2 வாழும் முறை

உப்பளவு மட்டும் போதாது. நீரில் மிதப்பவை, தாவரத்தில் ஒட்டுபவை, சேற்றில் ஊர்பவை, மணற்துகளைப் பற்றிக்கொள்பவை, நீருக்கு வெளியே ஈர மண்ணில் காற்றுபட வாழ்பவை என்று அவற்றின் வாழ்முறையும் வேறுபடுகிறது. மிதப்பவை ஓதத்தோடு எங்கும் போய்ச் சேரும். ஆகவே அவை இடத்தைச் சொல்லும் சான்றாக வலுவற்றவை. சேற்றில் ஊர்பவை கிடைத்தால் அந்த இடம் சேற்றுத்தளமாக இருந்திருக்க வாய்ப்பு மிகுதி. காற்றுபட வாழும் ஹான்ட்ஷியா ஆம்ஃபியாக்சிஸ் போன்ற இனம் மிகுந்தால், ஓதம் அரிதாகவே ஏறிய மேட்டைக் காட்டும். நெதர்லாந்தின் கடலோரப் படிவுகளை ஆராய்ந்த வோஸ், டி வுல்ஃப் இருவரும் உப்பளவையும் வாழும் முறையையும் இணைத்து, சூழல்வாரியான குழுக்களை 1993இல் வகுத்துத் தந்தனர். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இன்றைய வழக்கம்.

4. ஆய்வு முறை

4.1 களமும் கூடமும்

களத்தில் மண்ணடுக்கைக் குறித்துக்கொண்டு, ஒவ்வோர் அடுக்கின் உயரத்தையும் ஓத மட்டத்தோடு ஒப்பிட்டு அளக்கிறார்கள். இரண்டு அடுக்குகள் சந்திக்கும் இடத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மாதிரி என நெருக்கமாக எடுப்பார்கள். சீரான பகுதியில் இடைவெளி கூடும்.

கூடத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிச் சூடாக்கினால் இலை, வேர், மக்கு எல்லாம் நுரைத்து எரிந்துபோகும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். பலமுறை கழுவியபின் எஞ்சும் வெண்ணிறக் கலங்கலில் ஒரு சொட்டைக் கண்ணாடி வில்லையில் உலர்த்துகிறார்கள். ஓடும் கண்ணாடிபோன்ற சிலிக்காவே என்பதால் சாதாரணப் பிசினில் பதித்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். ஒளியை மிகுதியாக வளைக்கும், ஒளிவிலகல் எண் 1.7 அளவிலான பிசினில் பதித்தால்தான் கோடும் துளையும் துலங்கும். பிறகு எண்ணெய் விட்ட வில்லையால் ஆயிரம் மடங்கு பெரிதாக்கி, வரிசை வரிசையாக நகர்த்தி எண்ணுகிறார்கள். ஒரு மாதிரிக்கு ஏறத்தாழ 300 ஓடுகள் என்பது பரவலான கணக்கு. உடைந்தவற்றையும் குறிக்க வேண்டும். அது ஏன் என்பது பின்னர் விளங்கும்.

4.2 இன்றிலிருந்து அன்றைக்கு

எண்ணி முடித்ததும் கிடைப்பது இனங்களின் விழுக்காடு. அதை உயரமாக மாற்றுவதற்கு இன்றைய கடலோரம் வேண்டும். தாழ் ஓதச் சேற்றிலிருந்து மேட்டுச் சதுப்பு வரை ஒரே கோட்டில் மேல்மண்ணை எடுத்து, எந்த உயரத்தில் எந்த இனம் எவ்வளவு என்று முதலில் பட்டியல் போடுகிறார்கள். அந்த உறவைக் கணித வாய்பாடாக்கி, புதைந்த மண்ணின் கூட்டத்தை அதில் இட்டுப் பழைய உயரத்தைப் பிழை எல்லையோடு கணக்கிடுகிறார்கள். சோங், ஹார்ட்டன் இருவரும் பிரிட்டனின் கடலோரச் சதுப்புகளைக் கொண்டு 1999இல் வெளியிட்ட ஆய்வு, டயாட்டத்தால் ஓத உயரத்தைக் கணக்கிடும் இம்முறைக்கு முன்மாதிரிகளுள் ஒன்று.

5. நியாவியாக்கம் ஆற்றுச் சான்று

5.1 சிக்கல்

வட அமெரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அடியில் ஹுவான் டி ஃபூக்கா என்ற கடற்தட்டு கண்டத்தட்டின் கீழே நுழைந்துகொண்டிருக்கிறது. ஆயினும் அங்கே பெருநிலநடுக்கம் ஏற்பட்டதாக எழுத்துப் பதிவு எதுவும் இல்லை. தட்டுகள் சத்தமின்றி வழுக்கிச் செல்கின்றனவா, அல்லது பூட்டிக்கொண்டு நூற்றாண்டுக் கணக்கில் அழுத்தத்தைச் சேர்க்கின்றனவா என்பது 1980களில் விவாதப் பொருளாக இருந்தது.

அமெரிக்க நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த பிரையன் அட்வாட்டர், வாஷிங்டன் கடலோரத்தின் ஆற்றுக்கரைகளில் புதைந்த சதுப்பு மண்களை ஆராய்ந்து 1987இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வற்றத்தின்போது நியாவியாக்கம் கரையில் நின்று பார்த்தால் அடுக்கு தெளிவாகத் தெரியும். கரையின் வெட்டுமுகத்தில் கரும்பட்டையாக ஒரு பழைய நிலத்தரை ஓடுகிறது. அதன்மேல் மெல்லிய மணல். அதற்கும் மேலே சாம்பல் நிற ஓதச்சேறு. பழைய தரையில் வளர்ந்த புல்லின் தண்டும் இலையும் மணலுக்குள் புதைந்து கிடக்கின்றன.

பூட்டிக்கொண்ட தட்டு கரையை மெல்ல மேலே வளைக்கும். பூட்டு விடுபடும் நொடியில் கரை தாழும். தாழ்ந்த நிலத்தில் கடல் ஏறும். மண்ணடுக்கு இந்த விளக்கத்தோடு பொருந்தியது. பொருந்துவது வேறு, நிறுவுவது வேறு.

5.2 போட்டி விளக்கங்களும் அவற்றின் தடயங்களும்

நிலத்தரை சேற்றில் புதைவதற்கு வேறு காரணங்களும் உண்டு. கடல்மட்டம் படிப்படியாக உயர்ந்திருக்கலாம். ஆற்று வெள்ளம் மணலைக் கொட்டியிருக்கலாம். புயல் அலை ஏறி இறங்கியிருக்கலாம். இவை ஒவ்வொன்றும் விட்டுச்செல்லும் டயாட்டத் தடயம் வேறு.

கடல் மெல்ல உயர்ந்திருந்தால், மேட்டுச் சதுப்பினங்கள் குறைந்து தாழ்சதுப்பினங்கள் கூடி, பிறகே சேற்றினங்கள் வரும், படிகள் விடுபடா. ஆற்று வெள்ளமானால் மணலில் நன்னீரினங்கள் இருக்கும். புயலானால் மணலில் கடலினங்கள் இருக்கலாம். ஆனால் மணலுக்கு மேலே மறுபடியும் பழைய சதுப்பினங்களே தொடரும், ஏனெனில் நிலத்தின் உயரம் மாறவில்லை. நிலம் திடீரெனத் தாழ்ந்து, உடனே ஆழிப்பேரலையும் வந்திருந்தால், மேட்டுச் சதுப்பினங்களின்மேல் கடற்பக்கத்து மணலினங்களும், அவற்றுக்கு மேலே இடைப்படி ஏதுமின்றிச் சேற்றுத்தள இனங்களும் அமர்ந்திருக்க வேண்டும். அந்தச் சேற்றுநிலை நெடுங்காலம் நீடித்திருக்கவும் வேண்டும்.

5.3 டயாட்டம் சொன்னது

ஐலீன் ஹெம்ஃபில்-ஹேலி நியாவியாக்கம் கரையின் நான்கு வெட்டுமுகங்களில் எண்ணிய முடிவுகளை 1995இல் வெளியிட்டார். புதைந்த தரையில் உயர் ஓதத்தை ஒட்டியும் அதற்கு மேலும் வாழும் சதுப்பு, காட்டுத்தரை இனங்கள் இருந்தன. அதற்கு மேலிருந்த சேற்றில் கூட்டம் சட்டென்று சேற்றுத்தள இனங்களாக மாறியது. மேலே போகப் போகத் தாழ்சதுப்பும் பிறகு மேட்டுச் சதுப்பும் மெல்லத் திரும்பின. இறங்கியது ஒரே அடியாக, ஏறியது படிப்படியாக. நிலம் குறைந்தது 0.8 முதல் 1 மீட்டர் வரை, மிகுந்தால் சுமார் 3 மீட்டர் தாழ்ந்திருக்கலாம் என்று அவர் மதிப்பிட்டார்.

மணலில் இருந்த டயாட்டங்கள் இன்னொன்றைச் சொல்லின. அவை இன்றும் வில்லப்பா விரிகுடாவின் மணல்தளங்களில் துகளைப் பற்றிக்கொண்டு வாழும் இனங்கள். எனவே மணல் ஆற்றின் மேற்பக்கத்திலிருந்து இறங்கவில்லை, விரிகுடாவிலிருந்து ஏறியிருக்கிறது. கீழே உள்ள தரையின் இனங்கள் அங்கேயே வாழ்ந்தவை, மணலின் இனங்கள் வந்து சேர்ந்தவை, மேலே உள்ள சேற்றின் இனங்கள் மறுபடியும் அங்கேயே வாழ்ந்தவை. இந்த மூன்றையும் ஒரே பட்டியலாகக் கூட்டியிருந்தால் கிடைத்திருப்பது உப்பு சற்றுக் கூடியது என்ற மொட்டையான முடிவுதான்.

5.4 நாள் குறித்தது யார்?

இந்த வகை ஆய்வில் டயாட்டம் தேதி சொல்லாது. சூழலை மட்டும் சொல்லும். கதிரியக்கக் கார்பன் காலத்தைச் சில பத்தாண்டுகளுக்குள் சுருக்கியது. ஓதநீர் ஏறியதால் பட்டுப்போய் நின்ற செந்தேவதாரு மரங்களின் வேர்வளையங்களை டேவிட் யமகுச்சி குழுவினர் எண்ணி, அவை 1699 ஆகஸ்ட்டுக்கும் 1700 மே மாதத்துக்கும் இடையே மடிந்தன என்று 1997இல் அறிவித்தனர். அதற்கு முந்தைய ஆண்டு கென்ஜி சடாகே குழுவினர், நிலநடுக்கம் உணரப்படாமலே ஜப்பான் கரையைத் தாக்கிய ஓர் ஆழிப்பேரலையின் பழம்பதிவுகளிலிருந்து கணக்கிட்டு, அது 1700 ஜனவரி 26 இரவு வட அமெரிக்கக் கரையில் நிகழ்ந்த ஏறத்தாழ 9 அளவு நிலநடுக்கத்தால் எழுந்தது என்று காட்டியிருந்தனர். மரம் காலத்தைச் சில மாதங்களுக்குள் அடைத்தது. ஜப்பானியப் பதிவேடு இரவைச் சொன்னது. நிலம் தாழ்ந்ததையும் மணல் வந்த திசையையும் டயாட்டம் உறுதிசெய்தது. ஒன்றை ஒன்று அறியாத சாட்சிகள் ஒரே செய்தியைச் சொன்னதே இம்முடிவின் பலம்.

6. ஒப்பீடு

6.1 பால்டிக்

பனியுகத்துக்குப் பின் பால்டிக் படுகை ஏரியாகவும் கடலாகவும் மாறி மாறி இருந்தது. ஆன்சிலஸ் ஏரி, லிட்டோரினா கடல் என்ற அதன் காலக்கட்டங்கள் நத்தைகளின் பெயரால் வழங்குகின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட, உப்பு மெல்ல ஏறிய கட்டத்துக்கு மட்டும் மாஸ்டோகுளோயியா என்ற டயாட்டத்தின் பெயர். நத்தைகள் தவறவிட்ட இடைநிலையை நுண்பாசியே பதிந்துவைத்தது.

6.2 ஹொக்கைடோ

கிழக்கு ஹொக்கைடோவில் 17ஆம் நூற்றாண்டு ஆழிப்பேரலைக்குப் பின் படிந்த மண்ணை யூகி சவாய் குழுவினர் ஆராய்ந்து 2004இல் வெளியிட்டனர். ஓதச்சேற்றுத்தளம் சில பத்தாண்டுகளில் நன்னீர்க் காடாக மாறியதையும் நிலம் ஒரு மீட்டர் அளவுக்கு மெல்ல எழுந்ததையும் டயாட்டங்கள் காட்டின. நிலநடுக்கம் முடிந்த பிறகும் நிலம் பல்லாண்டுகள் அசைந்துகொண்டிருந்தது என்பதற்கு அங்கே எழுத்துப் பதிவு இல்லை.

6.3 பிரா தோங்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, இத்துறைக்கு நாளும் நேரமும் தெரிந்த ஒரு படிவைத் தந்தது. தாய்லாந்தின் பிரா தோங் தீவில் அது விட்டுச்சென்ற மணலில் கடல், உவர்நீர், நன்னீர் இனங்கள் கலந்து கிடந்ததைச் சவாய் குழுவினர் 2009இல் விவரித்தனர். பழைய மணலடுக்குகளை ஒப்பிட்டுப் பார்க்க இப்படியொரு படிவு அளவுகோலாகிறது. அதே தீவில் 2004க்கு நிகரான முந்தைய மணலடுக்கு 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று 2008இல் வெளியான இன்னோர் ஆய்வு தெரிவித்தது. நாகப்பட்டினத்தைத் தாக்கியதும் இதே அலைதான் என்பதால் இந்த எண் நமக்கு அயலானதல்ல.

7. வரம்புகள்

7.1 கரைதலும் உடைதலும்

காரத்தன்மையுள்ள நீரில் சிலிக்கா கரையும். மெல்லிய ஓடுகள் முதலில் மறைய, பராலியா போன்ற தடித்த ஓடுகள் மிஞ்சும். மிஞ்சியவற்றை மட்டும் எண்ணினால் பழைய நீர் உண்மையில் இருந்ததைவிட உப்பானதாகத் தோன்றும். உடைந்த ஓடுகளைக் குறிப்பது இதனால்தான்: ஓர் இனத்தின் ஓடுகள் பெரும்பாலும் சிதைந்திருந்தால் அது அலைபட்டு வந்ததா என்று கேட்க வேண்டும், இரு பாதிகளும் பிரியாமல் கிடைத்தால் அருகிலேயே வாழ்ந்திருக்கலாம்.

7.2 கலங்கல்

அலாஸ்காவில் 1964 மார்ச் 27 நிலநடுக்கத்தில் (அளவு 9.2) தாழ்ந்த கர்ட்வுட் சதுப்பில், நடுக்கத்துக்குச் சற்று முன்பே நிலம் சிறிது தாழத் தொடங்கியதாக இயன் ஷென்னன் குழுவினர் டயாட்டங்களிலிருந்து கருதினர். மெய்யானால் அது முன்னெச்சரிக்கைக்கு வழி. ஆனால் புதைந்த தரையின் மேல் சில சென்டிமீட்டரில் தெரியும் மாற்றத்தை, பின்னர் படிந்த சேறு வேர்த்துளைகள் வழியாகவும் புழுத்துளைகள் வழியாகவும் இறங்கிக் கலந்ததாலும் விளக்க முடியும். வாழ்ந்தது எது, வந்தது எது என்ற கேள்வி இங்கே சென்டிமீட்டர் அளவில் வந்து நிற்கிறது.

7.3 பருவமழைக் கரை

கோல்பேயின் எல்லைகளும் பிரிட்டனின் வாய்பாடும் குளிர்நாட்டுக் கரைகளில் பிறந்தவை. வடகிழக்குப் பருவமழைக் கரையில் நிலைமை வேறு. பழவேற்காட்டு ஏரியிலோ முத்துப்பேட்டைக் காயலிலோ ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றுநீர் பெருகி உப்பு தணியும். கோடையில் நீர் சுண்டி உப்பு ஏறும். ஒரு சென்டிமீட்டர் துண்டில் பல ஆண்டுகளின் மழையும் வெயிலும் சேர்ந்தே படிகின்றன. அங்கே நன்னீரினமும் கடலினமும் ஒரே துண்டில் கலந்திருப்பது பேரலையின் அடையாளமாக இல்லாமல் வெறும் பருவமாற்றமாகவும் இருக்கலாம். வேறொரு கரையின் பட்டியலை வைத்து இந்தக் கலவையைப் படித்தால், ஒவ்வோர் ஐப்பசியும் ஆழிப்பேரலையாகத் தோன்றும்.

8. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து பெறப்படும் முடிவுகள் மூன்று.

முதலாவது, டயாட்டங்கள் பழைய உப்பளவையும் ஓத உயரத்தையும் மிகுந்த நுணுக்கத்தோடு தருகின்றன. ஆனால் தனித்து நின்று தேதி சொல்வதில்லை.

இரண்டாவது, ஒரு மாதிரியின் விழுக்காட்டைவிட அடுக்குகளின் வரிசையே வலுவான சான்று. நியாவியாக்கத்தில் போட்டி விளக்கங்களை வீழ்த்தியது எந்த ஒரு தனி இனமும் அல்ல. தரை, மணல், சேறு என்ற வரிசையில் வாழ்ந்தவையும் வந்தவையும் மாறி மாறி நின்ற முறையே.

மூன்றாவது, அந்தப் பிரிப்பைச் செய்ய அந்தந்தக் கரையின் இன்றைய பட்டியல் கையில் இருக்க வேண்டும். பழவேற்காடு, பிச்சாவரம், முத்துப்பேட்டை ஆகிய இடங்களில் ஓதக்கோடு வாரியாகவும் மழைக்காலம், கோடை என இரு பருவத்திலும் மேல்மண்ணை எடுத்து டயாட்டங்களை எண்ணி வைப்பது பெருஞ்செலவு பிடிக்கும் வேலை அன்று. ஒரு நுண்ணோக்கியும் பொறுமையும் உள்ள எந்தக் கல்லூரித் தாவரவியல் துறையும் தொடங்கலாம். ஆழத் தோண்டுவதற்கு முன் மேல்மண்ணை எண்ணியாக வேண்டும்.